முன்நின்று நடத்தியவர்கள்: தமிழ்க் கல்யாணப் பொறுப்பின் கதை

கல்யாணத் தேதி குறித்ததும் நகரத்து வீடுகளில் இப்போது ஒரு விவாதம் தொடங்கிவிடுகிறது. வெட்டிங் பிளானர் ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா? பிள்ளைகள் ஒப்படைக்கலாம் என்பார்கள். அலுவலகத்தில் விடுப்பு வாங்குவதன் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். பெரியவர்கள் தயங்குவார்கள், நம் வீட்டுக் காரியத்தை முன்பின் தெரியாத ஒருவர் நடத்துவதா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு. முன்பெல்லாம் வீட்டாரே கல்யாணத்தை நடத்திக்கொண்டார்கள், நடத்தித் தருவதற்கென்று ஓர் ஆள் வந்தது அண்மையில்தான் என்பதே அது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கல்யாண வருணனையிலேயே, பெற்றோரும் மணமக்களும் அல்லாத சிலர் காரியத்தை முன்நின்று நடத்துகிறார்கள். அவர்கள் யார், எந்தத் தகுதியால் அந்த இடத்துக்கு வந்தார்கள், காரியம் கெட்டால் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்பவைதான் காலந்தோறும் மாறியிருக்கின்றன. அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்தால், பிளானர் வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படிப்பட்டவர் வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

அகநானூற்றின் 86-ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாணத்தைக் காட்டுகிறார். உளுந்து சேர்த்த உணவு குவிந்திருக்கிறது. வரிசையாகக் கால் நட்ட பந்தலில் புது மணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டிருக்கிறார்கள். நல்ல நாளின் விடியற்காலையில் மகனைப் பெற்ற நான்கு பெண்கள் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். புரோகிதரும் இல்லை, தீ வளர்ப்பதும் இல்லை. இந்தப் பாட்டை வாசிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இல்லாமையைப் பற்றியே பேசுவார்கள். அதே பாட்டில் இருக்கும் வேறு சிலரை நாம் கவனிப்பது குறைவு. தலையில் குடமும் கையில் அகன்ற புதுக் கலமுமாக, ஆரவாரத்தோடு நடமாடும் முதிய பெண்கள் அவர்கள். முன்னால் தர வேண்டியதை முன்னாலும் பின்னால் தர வேண்டியதைப் பின்னாலும் வரிசை தவறாமல் அவர்கள் எடுத்துத் தருகிறார்கள். நீராட்டும் நால்வருக்குச் சடங்கில் பங்கு உண்டு. இந்த முதிய பெண்களின் பங்கோ சடங்கு தடையில்லாமல் நகரும்படி பார்த்துக்கொள்வது. எந்த நேரத்தில் எந்தப் பொருள் யார் கைக்குப் போக வேண்டும் என்ற அறிவுதான் அவர்களை அங்கே நிறுத்தியிருக்கிறது. இன்றைய பிளானர் கையில் வைத்திருக்கும் நிமிட வாரியான நிகழ்ச்சி நிரல் அன்று அவர்கள் நினைவில் இருந்தது.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலுக்கு வரும்போது காரியம் பெரிதாகிவிடுகிறது. புகார் நகரத்துப் பெருவணிகர்களான மாநாய்கனும் மாசாத்துவானும் தங்கள் பிள்ளைகளின் மணத்தை, பெண்களை யானைமேல் ஏற்றி அனுப்பி நகரத்துக்கெல்லாம் அறிவிக்கிறார்கள். முதிய பார்ப்பான் மறைவழி காட்ட, மணமக்கள் தீ வலம் வருகிறார்கள். பூவும் விளக்கும் சாந்தும் முளைப்பாலிகையும் ஏந்திய பெண்கள் அணிவகுக்கிறார்கள். அழைப்பு ஒரு குழுவிடமும், சடங்கு ஒருவரிடமும், அலங்காரமும் வாழ்த்தும் இன்னொரு குழுவிடமும் பிரிந்து கிடக்கின்றன. செல்வம் கூடக் கூடக் கல்யாணத்தில் கைகள் கூடுகின்றன. கைகள் கூடக் கூட அவற்றை ஒருங்கிணைப்பது தனி வேலையாகிறது. இதை நவீன காலத்தின் நோய் என்று சொல்வதற்கில்லை.

பிற்காலத்தில் இந்த ஒருங்கிணைப்பு ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு விதமாக நிலைபெற்றது. கொங்கு நாட்டு வேளாளர் கல்யாணங்களில் அருமைக்காரர் என்று ஒருவர் உண்டு, பெண்களில் அருமைக்காரி. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தனிச் சடங்கு ஒன்றின் மூலம் தகுதி பெற்றவர்களே அந்த இடத்துக்கு வர முடியும். பந்தலில் ஒவ்வொரு சீரும் அவர்கள் சொற்படி நடக்கும். கம்பர் பாடியதாக மரபு சொல்லும் மங்கல வாழ்த்தை நாவிதர் பாடுவார். எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் சேர்ந்து 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளைப் புரட்டினால், சாதிக்குச் சாதி கல்யாணச் சடங்கை நடத்துபவர் யார் என்ற செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். செட்டிநாட்டு நகரத்தார் இன்னொரு வழியைக் கண்டார்கள். அவர்களுடைய ஒன்பது கோயில்களில் மணமக்கள் எந்தெந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களோ அங்கிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம். மணமானபின் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகப் பதிவாகிறார்கள். இரு வீட்டாரும் ஒத்துக்கொண்டதை எழுத்தில் வைக்கும் இசைகுடிமானம் என்ற ஏடும் அவர்களிடம் உண்டு. கடல் கடந்து வட்டித் தொழில் செய்த ஒரு சமூகம், கல்யாணத்தையும் கணக்கும் கையெழுத்துமாக நடத்தியதில் வியப்பில்லை. எழுத்தில் வைப்பது உறவுக்கு இழுக்கு என்று அவர்கள் நினைக்கவில்லை. பிளானரோடு ஒப்பந்தம் எழுதத் தயங்கும் குடும்பங்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இந்த உதாரணங்களைச் சேர்த்துப் பார்த்தால், முன்நின்று நடத்தியவரின் தகுதி மூன்று கூறுகளால் ஆனது என்று தெரிகிறது. ஒன்று, முறை தெரிந்திருப்பது. எதற்குப் பின் எது, யாருக்கு முன் யார் என்ற அறிவு. இரண்டு, சொன்னால் மற்றவர்கள் கேட்கும் அதிகாரம். அருமைக்காரர் கை காட்டினால் பங்காளியும் மாமன் மச்சானும் எழுந்து போய் வேலையைச் செய்வார்கள். மூன்றாவதுதான் முக்கியமானது. காரியம் கெட்டால் அதன் விளைவு அவரையும் தொடும். கல்யாணம் முடிந்த மறுநாளும் அவர் அதே தெருவில்தான் நடக்க வேண்டும், அதே களத்துமேட்டில்தான் நிற்க வேண்டும். பந்தியில் சம்பந்தி வீட்டார் ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போனார் என்றால், பத்து வருஷம் கழித்தும் அந்தப் பேச்சு அவரைச் சுற்றிவரும். அறிவு, அதிகாரம், பொறுப்பு ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் பெரும்பாலும் எழுத்தும் ரசீதும் இல்லாமலே காரியங்கள் நடந்தன.

இதைச் சொல்லும்போது பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிவிடும் ஆபத்து உண்டு. ஊரே கூடிச் செய்தது, பைசா செலவில்லாமல் நடந்தது என்ற பேச்சு அரை உண்மை. மணமக்கள் நடக்க மாத்து விரித்தவர் சலவைத் தொழிலாளி. சவரமும் சடங்கும் செய்தவர் நாவிதர். சடங்குப் பானைகளைக் கொண்டுவந்தவர் குயவர். பறை கொட்டியவர்கள் சேரியிலிருந்து வந்தவர்கள். வர முடியாது என்று சொல்லும் உரிமை இவர்களுக்கு இல்லை. அறுவடையில் அளக்கும் நெல்லும், கல்யாணத்தில் கிடைக்கும் வேட்டி துண்டும், கடைசிப் பந்திச் சோறும்தான் கூலி. பலருக்கு அந்தச் சோறும் பந்தலுக்கு வெளியேதான். வீட்டுக்குள் அதே நிலையில் இருந்தவர்கள் பெண்கள். பல நாள் கல்யாணத்துக்கு மாதக்கணக்கில் அரிசி புடைத்து, அப்பளம் இட்டு, வடகம் பிழிந்து, முறுக்குச் சுற்றியவர்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கல்யாணம் பண்ணிப் பார் என்ற பழமொழி வீடு கட்டுவதோடு அதைச் சேர்த்துச் சொன்னதே, பழைய கல்யாணமும் குடும்பத்தை உலுக்கிய சுமைதான் என்பதற்குச் சாட்சி. ஊர் கூடித் தேர் இழுத்தது உண்மை. ஆனால் வடத்தை விட முடியாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆகவே பழைய முறை குலைந்ததை இழப்பாக மட்டும் பார்க்க முடியாது. அதன் ஒரு பகுதி விடுதலை.

முறை குலைந்ததற்கான காரணங்களும் தெளிவானவை. உ.வே. சாமிநாதையருக்கு 1868-இல், அவருடைய 13-ஆம் வயதில், கல்யாணம் நடந்தது. தம் தன்வரலாற்றில் அதை நினைவுகூரும் அவர் காட்டும் உலகம், உறவும் ஊரும் நாள்கணக்கில் ஒரே இடத்தில் தங்கியிருக்க முடிந்த கிராம உலகம். அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளில் அரசு உத்தியோகமும் ரயிலும் ஆங்கிலப் படிப்பும் அந்தக் குடும்பங்களைச் சென்னைக்கும் பம்பாய்க்கும் டில்லிக்கும் கொண்டுபோயின. நகரத்து ஒண்டுக்குடித்தனத்தில் பந்தல் போட வாசல் இல்லை. கோட்டை அடுப்பு வெட்டக் கொல்லை இல்லை. ஐந்து நாள் விடுப்பும் இல்லை. பிராமணக் குடும்பங்களின் ஐந்து நாள் கல்யாணம் சுருங்கிச் சுருங்கி, முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பும் மறுநாள் காலை முகூர்த்தமும் என்ற அளவுக்கு வந்தது. மற்றச் சமூகங்களிலும் சடங்குகள் இதேபோல் நெருக்கப்பட்டன. நாள் குறைந்தால் வேலை குறையும் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. ஐந்து நாளில் பரவிக் கிடந்த வேலை ஒன்றரை நாளுக்குள் திணிக்கப்பட்டது. முன்பு ஒரு தவறு நேர்ந்தால் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். இப்போது அரை மணி தாமதம் முகூர்த்தத்தையே தொட்டுவிடும். ஒருங்கிணைப்பின் அருமை கூடியது இந்தச் சுருக்கத்தால்தான்.

இந்த இடத்தில்தான் கல்யாண மண்டபமும் சமையல் காண்ட்ராக்டரும் வந்தார்கள். வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களைக் கல்யாணத்துக்குப் பயன்படுத்தும் பழக்கம் முன்பே இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்யாணத்துக்கென்றே கட்டிய மண்டபங்கள் பெருகின. சென்னை ராதாகிருஷ்ணன் சாலையின் ஏவி.எம். ராஜேஸ்வரி மண்டபம், கோடம்பாக்கத்தின் ராகவேந்திரா மண்டபம் போன்ற பெயர்கள் நகரத்தின் முகவரிகளாகவே ஆயின. சமையல் ஓர் ஆளின் கைப்பெயரோடு அறியப்படும் தொழிலானது. அறுசுவை நடராஜன் சமையல் என்று சொல்வதே ஒரு கௌரவமாக இருந்தது. இலைக்கு இவ்வளவு என்ற கணக்கு வந்தபின், மளிகைப் பட்டியல் போடும் மாமாவுக்கும் காய் நறுக்கும் அத்தைக்கும் வேலையில்லை. ஆனந்த விகடனில் 1963-இல் சாவி எழுதிய ‘வாஷிங்டனில் திருமணம்’ தொடரை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். ராக்ஃபெல்லர் சீமாட்டியின் பணத்தில் தமிழ்க் கல்யாணம் ஒன்றை அமெரிக்காவில் நடத்த, அப்பளம் இடும் பாட்டிகள் முதல் சாஸ்திரிகள் வரை விமானம் ஏறுகிறார்கள். தமிழர்கள் வயிறு குலுங்கச் சிரித்த அந்தக் கதையின் சரக்கு முழுவதும் ஏற்பாடுதான். எது எங்கிருந்து வரும், யார் கொண்டுவருவார் என்பதைத் தவிர அதில் வேறு சிக்கல் கிடையாது. கல்யாணம் என்பதே ஏற்பாடு என்று ஒரு தலைமுறை உணர்ந்துகொண்டதன் ஆவணம் அது.

இதே காலத்தில் எதிர்த் திசையிலும் ஒரு பெரிய முயற்சி நடந்தது. அருப்புக்கோட்டைக்கு அருகில் சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் தலைமையில் நடந்த சுயமரியாதைத் திருமணம், புரோகிதரையும் சடங்கையும் நீக்கியது. வீண்செலவு கூடாது, பல நாள் கொண்டாட்டம் கூடாது, மணமக்களின் ஒப்புதலே கல்யாணம் என்றது. அண்ணா ஆட்சியில் நிறைவேறிய இந்து திருமணச் சட்டத் திருத்தம் 1968 ஜனவரியில் ஒப்புதல் பெற்று அதற்குச் சட்ட வலிமை தந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும் என்பது அதன் சாரம். பிறப்பாலும் சாதி உரிமையாலும் வராத ஒருவரை மணமக்கள் வீட்டார் தாங்களே தேர்ந்தெடுத்து, அவர் தலைமையில் கல்யாணத்தை நடத்தலாம் என்று இந்த இயக்கம் காட்டியது. பிளானர் என்ற யோசனையைக் கேட்டு, வெளியாள் நடத்துவது நம் மரபில்லை என்பவர்களுக்கு இதுவே தக்க பதில். நடத்துபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் தமிழ் மரபின் பகுதிதான், அதுவும் போராடிப் பெற்ற பகுதி. அந்த இயக்கம் வேண்டிய எளிமை பரவலாக நிலைக்கவில்லை என்பதும் உண்மை. சுயமரியாதைத் திருமணங்களும் காலப்போக்கில் மாநாட்டுப் பந்தலளவுக்கு வளர்ந்தன.

வெட்டிங் பிளானர் என்ற பெயரோடு ஆட்கள் பரவலானது 2000-க்குப் பிந்தைய கதை. 2010-இல் வந்த ‘பேண்ட் பாஜா பாராத்’ என்ற இந்திப் படம் டில்லியின் கல்யாணத் தொழிலைக் கதையாக்கியது. 2014-இல் அது தமிழில் ‘ஆஹா கல்யாணம்’ ஆனது. திரைப்படம் ஒரு தொழிலை நாயக, நாயகிக்குக் கொடுக்கிறது என்றால், பார்ப்பவர்களுக்கு அந்தத் தொழில் தெரிந்துவிட்டது என்று பொருள். பிளானரைக் கொண்டுவந்தது காண்ட்ராக்டர்களின் பெருக்கம். மண்டபம், சமையல், மேடை அலங்காரம், நாதஸ்வரம், லைட், புகைப்படம், வீடியோ, மணப்பெண் ஒப்பனை, தாம்பூலப் பை, வெளியூர் விருந்தினருக்கு அறையும் வண்டியும், இவற்றோடு வடக்கிலிருந்து வந்து சேர்ந்த மெஹந்தியும் சங்கீத்தும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனி அட்வான்ஸ், தனி ரசீது. இவர்களில் யாரும் மற்றவருக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. மேடை அலங்காரம் முடியாததால் வரவேற்பு தாமதமானால், அதனால் பந்தி தாமதமானால், யாரைக் கேட்பது? காண்ட்ராக்டர் முறை உழைப்பை விலைக்குக் கொடுத்தது; மொத்தக் காரியத்துக்கான பொறுப்பை யாரும் விற்கவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் பிளானர் வந்து நின்றார். பழைய அருமைக்காரரின் இடம் அது. ஆனால் பழைய தகுதிகள் மூன்றும் அவரிடம் அப்படியே இல்லை. முறையை அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதிகாரம் பணத்தின் வழியாக வருகிறது. மறுநாள் அதே தெருவில் நடக்க வேண்டிய கட்டாயமோ அவருக்கு இல்லவே இல்லை.

இந்த வாதத்துக்குச் சில மறுப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் யோசிக்கத் தக்கது. பிளானர் என்பதே பணக்கார ஆடம்பரத்தின் அடையாளம், நடுத்தரக் குடும்பத்துக்கு அது வீண் செலவு என்பது முதலாவது. ஆடம்பரக் கல்யாணத்துக்கும் ஆடம்பர அரசியலுக்கும் பிளானர் தேவைப்படவில்லை என்பதைத் தமிழ்நாடு அறியும். 1995 செப்டம்பரில் சென்னையில் நடந்த அன்றைய முதலமைச்சரின் வளர்ப்பு மகன் கல்யாணம் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. இந்தத் தொழில் இங்கே வேர்விடும் முன்பே அது நடந்துவிட்டது. செலவை முடிவு செய்வது இரு வீட்டாரின் ஆசையும், சம்பந்தி என்ன நினைப்பார் என்ற அச்சமும்தான். பெண் வீட்டார் தலையில் செலவை ஏற்றும் வழக்கம் 1961-இன் வரதட்சணைத் தடைச் சட்டத்தைத் தாண்டியும் வேறு உருவங்களில் வாழ்கிறது. பிளானர் அந்த ஆசைக்குத் தீனி போடலாம், கடிவாளமும் போடலாம். மண்டபத்துக்காரரே எல்லாவற்றையும் சேர்த்துத் தருகிறாரே, பிறகு பிளானர் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. சிறிய கல்யாணத்துக்கு அது போதும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தன் மண்டபத்தில் தன் அலங்காரக்காரர்தான், தன் சமையல்காரர்தான் என்று விதிக்கும் மண்டபத்தாரின் நலனும் உங்கள் நலனும் ஒன்றில்லை. விற்பவரே உங்கள் சார்பில் பேரம் பேச முடியாது.

மூன்றாவது மறுப்புதான் ஆழமானது. ஒருவரையொருவர் நாடி நின்றதால்தான் உறவு நிலைத்தது. வேலையை வெளியாளிடம் கொடுத்துவிட்டால் மாமன் மச்சான் எல்லாரும் வெறும் விருந்தாளிகளாகிவிடுவார்கள் என்கிறது அது. இதில் உண்மை இருக்கிறது. மொய் நோட்டு இதற்குச் சான்று. அது அன்பளிப்புப் பட்டியல் மட்டுமன்று, யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்ற குடும்பப் பேரேடு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளில் கல்யாணமே இல்லாமல் அந்தக் கொடுக்கல் வாங்கல் மட்டும் நடப்பதைப் பார்க்கலாம். உதவியைத் திருப்பிச் செய்யும் கடமை எவ்வளவு வலுவான கயிறு என்பது அதில் தெரியும். ஆனால் கயிற்றின் வலு, எதிர்முனையில் ஆள் இருக்கும்வரைதான். இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பிள்ளையோடும் நின்றுவிட்ட தலைமுறையின் கல்யாணத்தில், ஓடியாட வேண்டிய சித்தப்பாவுக்கு வயது அறுபத்தைந்து, அத்தை மகன் சிங்கப்பூரில். இல்லாத ஆளிடம் வேலையை எதிர்பார்த்து, கடைசியில் அம்மாவும் அப்பாவும் மகளின் தாலிகட்டைப் பார்க்காமல் சமையற்கட்டில் நிற்பதால் எந்த உறவும் வளர்வதில்லை. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரிப்பதே நேர்மையான விடை. அழைப்பிதழோடு வீடு தேடிப் போவது, வாசலில் நின்று வரவேற்பது, பந்தியில் சாப்பிட்டீர்களா என்று கேட்பது, தாய்மாமன் சீருக்கு அவருக்குரிய இடம் தருவது ஆகியவை குடும்பத்தின் வேலை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இவற்றை வேறு ஆள் செய்ய முடியாது. லைட்டுக்காரர் வந்தாரா என்று பார்ப்பது அப்படிப்பட்ட வேலையில்லை. சரியாக ஒப்படைத்தால், குடும்பத்துக்கு மிஞ்சுவது உறவின் நேரம்தான்.

ஆகவே முடிவெடுக்கும் குடும்பம் தன்னிடம் பணம் இருக்கிறதா என்பதற்கு முன்பு, ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முறை தெரிந்த, சொன்னால் மற்றவர் கேட்கும், அந்த இரண்டு நாளும் வேறு சடங்குக் கடமை இல்லாத ஒருவர் உறவிலோ நட்பிலோ இருந்தால், அவரும் மனமுவந்து ஏற்றால், பிளானர் தேவையில்லை. நல்ல சமையல் காண்ட்ராக்டரும் ஒழுங்கான மண்டபமும் போதும். அப்படி ஒருவரும் இல்லை, வேலைகள் பல ஆட்களிடம் சிதறிக் கிடக்கின்றன, வெளியூரில் கல்யாணம், இரு வீட்டாரின் முறைகளும் வேறுவேறு என்றால் பிளானர் ஆடம்பரமில்லை. இரண்டுக்கும் நடுவில், மண்டபத்தையும் சமையலையும் தாங்களே பேசி முடித்துவிட்டு, கல்யாண நாட்களின் ஒருங்கிணைப்பை மட்டும் ஒப்படைக்கும் வழியும் உண்டு. பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்குப் பொருந்துவது அதுவே. அகநானூற்று முதிய பெண்களும் உளுந்தை விலைபேசவில்லை. வந்து சேர்ந்ததை வரிசைப்படி எடுத்துத் தந்தார்கள்.

தேர்ந்தெடுப்பதற்கும் அந்த மூன்று தகுதிகளே அளவுகோல். முறை தெரியுமா என்பதை அவர் காட்டும் மேடைப் படங்களிலிருந்து அறிய முடியாது. நம் வழக்கத்தில் பந்தக்கால் எப்போது, நலங்கு யார் வைப்பது, மாமன் சீருக்கு எவ்வளவு நேரம் என்று அவர் நம்மைக் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். கேட்காமலே தெரியும் என்பவரைவிட, கேட்டு எழுதிக்கொள்பவர் மேல். அதிகாரத்தைச் சோதிக்க, அவர் நடத்தும் ஒரு கல்யாணத்துக்குப் போய் மேடையை விட்டுவிட்டுச் சமையற்கட்டையும் பின்வாசலையும் பார்க்க வேண்டும். நெருக்கடியில் ஆட்கள் யார் பேச்சைக் கேட்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். பேச வந்தவரே அன்று நேரில் நிற்பாரா, உதவியாளரை அனுப்புவாரா என்பதையும் கேட்டுவிட வேண்டும். மூன்றாவது தகுதியான பொறுப்பு அவரிடம் இயல்பாக இல்லாததால், அதை எழுத்தால் உண்டாக்க வேண்டும். என்னென்ன வேலை, யார் யார் மூலம், எந்தத் தேதியில் எவ்வளவு பணம், எதற்கு அவர் பொறுப்பில்லை, கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று எல்லாமே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 2020-இல் விருந்தினர் 50 பேருக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அந்தச் சமயத்தில், எழுதி வைக்காத அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கடினம் என்று தெரியவந்தது. கைமாறும் பணத்துக்கு ரசீது இருந்தால், சேவைக் குறைபாட்டுக்கு 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். பழைய ஊர்ச்சொல்லுக்கு இன்றைய ஈடு அதுதான்.

பணத்தை அவர் எப்படி வாங்குகிறார் என்பதில் இன்னும் கவனம் வேண்டும். மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று வாங்குபவருக்குச் செலவு ஏறினால் வரவு ஏறும். குறைக்கச் சொல்லி அவர் ஏன் யோசனை தரப்போகிறார்? பூக்காரரிடமும் வீடியோக்காரரிடமும் கமிஷன் வாங்குபவர் இரண்டு பக்கமும் கூலி பெறுகிறார். யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது குழம்பிவிடுகிறது. இந்த வேலைக்கு இந்தத் தொகை என்று முன்கூட்டியே பேசி, மற்றவர்களுக்கான பணத்தைக் குடும்பம் நேரடியாகக் கொடுக்கும் ஏற்பாடே தெளிவானது. அவர் கூலி அதனால் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். கண்ணுக்குத் தெரியும் கூலி, தெரியாத கமிஷனைவிட மலிவு.

கூலி என்ற பேச்சு வந்ததால், பழைய முறையின் பெருங்குறையை மீண்டும் எண்ண வேண்டியிருக்கிறது. மாத்து விரித்தவருக்கும் பறை கொட்டியவருக்கும் மறுக்கும் உரிமை இருக்கவில்லை, கேட்டு வாங்கும் கூலியும் இருக்கவில்லை. இன்று நள்ளிரவில் மேடையைக் கட்டுகிறவர்களும், விடியுமுன் காய் நறுக்கும் பெண்களும், மாலைச் சிற்றுண்டியிலிருந்து மறுநாள் மதியம் வரை நின்றுகொண்டே பரிமாறும் இளைஞர்களும் கூலிக்கு வருகிறார்கள் என்பது முன்னேற்றம்தான். ஆனால் அந்தக் கூலி பல கைகள் மாறி அவர்களிடம் சேர்கிறது. வழியில் எவ்வளவு தேய்கிறது என்று கல்யாண வீட்டார் கேட்பதில்லை. பிளானரைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு முதல் முறையாகக் கிடைத்திருக்கிறது. பரிமாறுபவர்களுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம், எங்கே படுப்பார்கள், எந்தப் பந்தியில் சாப்பிடுவார்கள் என்று ஒப்பந்தம் பேசும் அன்றே கேட்க வேண்டும். திருப்தியான பதில் தருபவரிடம் காரியத்தை ஒப்படைக்கலாம். தன் ஆட்களுக்குப் பொறுப்பேற்காதவர் உங்கள் கல்யாணத்துக்கு மட்டும் பொறுப்பேற்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.